புள்ளி வைக்காத எழுத்து

ஒட்டுசுட்டானுக்குத் தெற்கே, காலை ஆறரை.
முகக்கவசத்துக்குள் என் மூச்சே எனக்கு மழை.
ஒரு மீற்றர் அகலம். முன்னால் சிவப்புத் தடி.
அதற்கப்பால் உள்ள மண் இன்னும் யாருடையதும் அல்ல.

ஏடு செல்லரித்த இடத்தில் பதிப்பித்தவர்
வரிசையாகப் புள்ளி இட்டு விலகிப் போனார்.
எனக்கு விலக வழியில்லை.
விரற்கடை விரற்கடையாக வாசிக்கிறேன்;
அவசரப்பட்டால் பொருள் வெடிக்கும்.

இரவில் வெளிவாரிப் பட்டத்துக்குப் படிப்பு.
முல்லை: காடு, மாலை, கார்.
உரிப்பொருள் இருத்தல்.
சரியாக எழுதினால் நாலு புள்ளி.
இருந்தவர்களுக்கு எத்தனை என்று
வினாத்தாளில் இல்லை.

கார் என்றால் ஆவணியும் புரட்டாசியும் என்கிறது குறிப்பு.
ஆவணியில் இங்கே அலைகரை வெடித்துக் கிடக்கும்,
மாடுகள் சேற்றை நக்கும்.
எங்கள் மழை ஐப்பசியில் இறங்கி
மார்கழியில் குளம் வான் பாயும்.
அப்படியென்றால்
காருக்குள் வருவேன் என்று போனவன்
எந்த மாதத்தைச் சொன்னான்?

பாலையும் அப்படித்தான்.
பாடத்தில் அது வெந்த நிலம்.
எங்களுக்கு மரம். வைகாசி கழியப் பழம்.
ஒரு கை நிறையத் தின்றால்
உதடு ஒட்டிக்கொள்ளும், கொஞ்ச நேரம் பேச வராது.
பிரிவைப் பற்றி அந்த நூற்பாக்காரருக்குத் தெரிந்தது
அவ்வளவு தப்பும் இல்லை.

நேற்றுப் பத்தேகாலுக்குக் கரண்டி எதிலோ தட்டியது.
கருவி கூவவில்லை. ஆனாலும் முறைப்படி விசில் ஊதினேன்.
மேற்பார்வையாளர் இராசகுலம் வந்து, குனிந்து,
"ஓடு" என்றார்.
உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு, உள்ளங்கை அளவு.
கழுத்தடியில் மூன்று கீறல்.
படிவத்தில் மிதிவெடிக்கு ஒரு கட்டம்,
எறிகணைச் சிதறலுக்கு ஒன்று, எலும்புக்கு ஒன்று.
எழுத்துக்கு இல்லை.
"பிற" என்று போட்டு, பொலித்தீன் பையில் கட்டினார்.

தேநீர் நேரத்தில் பத்மலோஜினி
பையைத் தூக்கி வெயிலில் பிடித்தாள்: வாசி.
க. ண. ண.
அதற்குப் பிறகு உடைவு.
கண்ணன் என்று முடிந்திருக்கலாம். கண்ணி. கண்ணந்தை.
குயவனோ, தன் கள்ளை வேறெவரும் தொடாதிருக்கப்
பெயர் கீறிய எவனோ.
நான் புலவன் என்றே வைத்துக்கொண்டேன்.
பெயரின் வால் போனவர்களை
அப்படி வைத்துக்கொள்ளத்தான் எனக்குப் பிடிக்கும்.

நடுவில் புள்ளியைக் காணேல்லையே என்றாள்.

பழைய கீறல்களில் பலவேளை இருக்காது, சொன்னேன்.
புள்ளி வைத்தால் அது வெறும் மெய்.
வைக்காவிட்டால் உயிரோடு இருக்கலாம்,
இல்லாமலும் இருக்கலாம்.
கீறினவன் மறந்தானா, மனம் வராமல் விட்டானா,
வாசிக்கிறவள்தான் தீர்மானிக்க வேணும்.

பரீட்சைக்கு எழுதுவதுபோல் சொல்லிவிட்டேன்.
சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

அவளுடைய கைப்பையில் ஒரு விண்ணப்பம் உண்டு.
எட்டாக மடித்து, மடிப்பில் கிழிந்து,
இரண்டு தரம் ஒட்டுப்போட்டது.
கீழே ஒப்பத்துக்குப் புள்ளிக்கோடு.
அதன் மேல் பெயர் எழுதினால்
தம்பிக்கு மரணச் சான்றிதழ், கொஞ்சம் காசு.
பேனை இல்லாமல் இல்லை.

ஓட்டைத் திருப்பித் தந்தாள்.
"கண்ண," என்றாள்,
முடிக்காமல், கூப்பிடுகிற மாதிரி.

பதினொன்றுக்கு விசில்.
முகக்கவசத்தைக் கீழே இறக்கினோம்.
அவளுக்கும் எனக்கும் இடையில் இருபத்தைந்து மீற்றர்.
முதிரைக்குப் பின்னால் எங்கோ
மாட்டு மணி ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது,
துப்புரவாக்கிய பக்கத்திலா
மற்றப் பக்கத்திலா என்று தெரியவில்லை.